மொரிசியஸில் பிள்ளைப்பேறு குறைந்தது எப்படி? குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: தமிழாசிரியை, ரோஸ்ஹில்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கோயிலின் மாதர் சங்கக் கூட்டத்தில், மொரிசியஸில் நடந்த குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைப் பற்றி நான் உரையாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பு எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தொடக்கப்பள்ளிகளில் தமிழ் படிக்க வரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருவதைப் பற்றிச் சென்ற கூட்டத்தில் பேச்சு வந்தது. அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர், அந்தக் காலத்தில் அரசாங்கம் நம் பெண்களை மிரட்டிப் பிள்ளைப்பேற்றை நிறுத்தியதன் விளைவைத்தான் இப்போது அனுபவிக்கிறோம் என்று மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். இன்னொருவர் உடனே மறுத்தார். தம் தாயார் தாமாகவே மையத்துக்குப் போய் மாத்திரை வாங்கினார் என்றும், வரிசையாகப் பிள்ளை பெற்று உடல் நலிந்த பாட்டியின் நிலை தமக்கும் வந்துவிடக் கூடாது என்பதே அவருடைய ஒரே எண்ணமாக இருந்தது என்றும் சொன்னார். இருவர் பேச்சிலும் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1957இல் மொரிசியஸ் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது, 1963இல் கத்தோலிக்கர்கள் இயற்கை முறையைக் கற்பிப்பதற்காக ஆக்சியோன் ஃபமிலியால் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள், பின்னர் அரசு இந்தப் பொறுப்பைத் தானே ஏற்றது என்ற அளவில்தான் நான் அறிவேன். அரசு உண்மையில் வற்புறுத்தியதா? பிள்ளைப்பேறு குறைந்ததற்குத் திட்டம் காரணமா, பெண்கள் படித்ததும் வேலைக்குப் போனதும் காரணமா? இப்போது குழந்தை பெறுவோருக்குச் சலுகை தர வேண்டும் என்று பேசுகிறார்களே, அதனால் நிலைமை மாறுமா? சுகாதாரத் துறையில் பணியாற்றியவர்களும் இதைக் கற்றவர்களும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். சங்கத்தில் பலவகைக் கருத்துடைய குடும்பங்கள் இருப்பதால், தவறான ஒரு செய்தியையும் சொல்லிவிடக் கூடாது என்று கவலைப்படுகிறேன்.


மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர், காந்தோஸ்

அம்மா, வணக்கம். நான் அரசு சுகாதாரப் பணியில் சேர்ந்தது 1970களின் பிற்பகுதியில். அதற்கு முந்தைய காலத்தை மூத்த மருத்துவச்சிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிந்தைய காலத்தை நேரில் கண்டிருக்கிறேன்.

இத்தனை பிள்ளைகளுக்கு மேல் பெறக் கூடாது என்று இந்நாட்டில் எந்தச் சட்டமும் சொன்னதில்லை. கருத்தடை அறுவை சிகிச்சைக்கு ஆள் பிடித்துக் கொண்டுவரும் வழக்கமும் இங்கே இருந்ததில்லை. மாத்திரை, லூப் (கருப்பைக்குள் பொருத்தும் கருத்தடைச் சாதனம்), ஆணுறை, ஊசி என்று எதை வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம்; எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கும் போகலாம். இதை நீங்கள் கூட்டத்தில் உறுதியாகச் சொல்லலாம். ஆனால் உங்கள் மூத்த உறுப்பினரின் மனக்குறையையும் நான் தள்ளிவிட மாட்டேன். கூட்டம் நிறைந்த பிரசவ வார்டுகளில், நான்காவது ஐந்தாவது குழந்தைக்காக வந்த ஏழைப் பெண்ணைப் பார்த்து "மறுபடியுமா?" என்று முகம் சுளித்த ஊழியர்களை நானே பார்த்திருக்கிறேன். வலியோடு படுத்திருப்பவளிடம், அவளுக்குப் புரியாத பிரெஞ்சில், இனிமேல் போதும் என்று சொல்வது ஆணையைப் போலத்தான் அவள் காதில் விழும். அவ்வாறு கேட்டவர் அதை மிரட்டல் என்று நினைவில் வைத்திருப்பதில் வியப்பில்லை. திட்டத்தின் விதியாக அது இருந்ததில்லை என்றாலும், அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது நேர்ந்ததுதான்.

திட்டம் பின்னாளில் நிலைத்து நின்றதற்கு என் அறிவுக்கு எட்டிய முதல் காரணம் 1972இல் செய்யப்பட்ட மாற்றம். அதுவரை குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் தனியாக நடத்திவந்த மையங்களை அந்த ஆண்டு சுகாதார அமைச்சு ஏற்று, தாய் சேய் நலப் பணியோடு இணைத்தது. கேட்பதற்கு இது நிர்வாகச் செய்தியாகத்தான் இருக்கும். கிராமத்துப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள்தான் அறிவார்கள். கருத்தடைக்கென்றே தனியாக ஒரு மையம் இருந்தால், அதன் வாசலில் நிற்பவள் எதற்காக வந்திருக்கிறாள் என்பது ஊர் முழுவதற்கும் தெரிந்துவிடும். மாமியார் காதுக்கு அன்று மாலையே போய்விடும். குழந்தைக்குத் தடுப்பூசி போடும் இடத்திலேயே மாத்திரையும் கிடைத்தபோது, கைக்குழந்தையோடு போகும் தாயை யாரும் எதுவும் கேட்கவில்லை. பிரசவம் பார்த்த மருத்துவச்சி, குழந்தையின் எடையைப் பார்த்த செவிலி, அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போடுவது பற்றிப் பேசுபவர் எல்லாரும் ஒரே இடத்தில், பல நேரங்களில் ஒரே ஆளாகவே இருந்தார்கள். குழந்தையைக் காப்பாற்றிக் கொடுத்தவர் சொன்னதால் அந்தச் சொல்லை நம்பினார்கள்.

அடுத்தது வீடு தேடிச் செல்லும் பணி. மையத்துக்கு ஒருமுறை வந்து மாத்திரை வாங்கியவள் மறுமுறை வராமல் நின்றுவிட்டால், பதிவேட்டைப் பார்த்து அவள் வீட்டுக்குப் போவோம். பெரும்பாலும் தலைவலி, குமட்டல், இரத்தப்போக்கு இவற்றில் ஏதேனும் ஒன்றுக்குப் பயந்து நிறுத்தியிருப்பாள். அல்லது கணவன் தடுத்திருப்பான். அந்த அச்சத்தைப் பொறுமையாகக் கேட்டு, வேறு மாத்திரையோ வேறு முறையோ தந்தால் தொடர்வாள். திட்டினால் அந்தக் குடும்பம் அதோடு நம்மை விட்டுப் போய்விடும். இதில் நான் கண்ட குறை ஒன்றும் உண்டு. ஏறக்குறைய எல்லாச் சுமையையும் பெண் மீதே வைத்தோம். ஆண்களிடம் பேசுவதற்குப் போதிய முயற்சி எடுக்கப்படவில்லை. ஆண்களுக்கான எளிய அறுவை சிகிச்சை இந்நாட்டில் வேரூன்றவே இல்லை.

ஆக்சியோன் ஃபமிலியாலைப் பற்றிச் சிலர் ஏளனமாகப் பேசுவார்கள்; அது சரியன்று. செயற்கை முறைகளைத் திருச்சபை ஏற்காத நிலையில், மறுத்துவிட்டு ஒதுங்கி நிற்காமல், உடல்வெப்பத்தைக் குறித்துக் கருத்தரிக்கும் நாட்களை அறியும் முறையைத் தம்பதியரைக் கொண்டே தம்பதியருக்குக் கற்பித்தார்கள். அரசும் இந்த அமைப்பு, குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் இரண்டுக்குமே நிதி தந்தது. கணவனும் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதால், மனைவியின் உடலைப் பற்றி முதன்முறையாக அறிந்துகொண்ட ஆண்கள் அந்த வகுப்புகளில் பலர் இருந்தனர். மொரிசியஸில் மதத்தின் பெயரால் இந்தத் திட்டம் கவிழ்ந்துபோகாமல் இருந்ததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கருக்கலைப்பு 1838ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தால் முழுமையாகத் தடைசெய்யப்பட்டிருந்தது. 2012இல்தான் தாயின் உயிருக்கு ஆபத்து, கருவுக்குக் கடுமையான குறைபாடு, வன்புணர்வு போன்ற சில நிலைகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. இடைப்பட்ட காலமெல்லாம் மறைவில் கலைத்துக்கொண்டு, சீழ் பிடித்த நிலையில் மருத்துவமனைக்கு வந்த பெண்களை நாங்கள் பார்த்தோம். மாத்திரையும் லூப்பும் எதற்காக என்று யாராவது கேட்டால், என் மனத்தில் முதலில் எழுவது அவர்களுடைய முகங்கள்தாம்.


மறுமொழி: பொருளியல் ஆசிரியர், மோக்கா

செவிலியர் அம்மா சொன்னவற்றோடு மக்கள்தொகைக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் இரண்டாம் கேள்விக்கு வழி தெரியும்.

இந்தக் கதை கொசுவிலிருந்து தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்து மலேரியாவை ஒழிக்கும் இயக்கம் 1948க்குப் பின் தீவு முழுவதும் நடந்தது. 1940களில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 25க்கும் மேல் இருந்த இறப்பு விகிதம், 1960களின் தொடக்கத்தில் 10ஐ நெருங்கிவிட்டது. பிறப்பு விகிதம் மட்டும் பழைய உயரத்திலேயே நின்றது. 1944 கணக்கெடுப்பில் சுமார் 4 லட்சத்து 19 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை, 1962இல் 6 லட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டியது. கரும்பைத் தவிர வேறு தொழில் இல்லாத ஒரு சிறு தீவுக்கு இது பேரச்சமாக இருந்தது. லண்டனிலிருந்து வந்த பேராசிரியர் ரிச்சர்ட் டிட்மஸ் குழுவும், கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் குழுவும் 1960, 1961ஆம் ஆண்டுகளில் தந்த அறிக்கைகள் இந்த அச்சத்தை எண்களோடு எடுத்துரைத்தன. இப்போக்கு மாறாவிட்டால் நூற்றாண்டின் இறுதிக்குள் மக்கள்தொகை 30 லட்சத்தை நெருங்கும் என்று அப்போது கணக்கிட்டார்கள். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ 12 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது.

இடையில் நடந்தது என்ன? 1962இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகள் என்ற நிலை இருந்தது. 1972இல் அது மூன்றரைக்கும் கீழே வந்துவிட்டது. உலக அளவில் இவ்வளவு வேகமான சரிவு மிக அரிது. ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளால்தான் பெண்கள் பிள்ளைப்பேற்றைக் குறைத்தார்கள் என்று நம்மில் பலர் நம்புகிறார்கள். அந்தத் தொழிற்சாலைகளுக்கு வழிவகுத்த ஏற்றுமதிப் பதப்படுத்தல் மண்டலச் சட்டம் வந்தது 1970இல். பெண்கள் ஆயிரக்கணக்கில் தையல் வேலைக்குப் போனது பெரும்பாலும் 1980களில். ஆகவே பெரிய சரிவு முதலில் நடந்தது, தொழிற்சாலைகள் பின்னால் வந்தன. வேலையின்மை மிகுந்திருந்த, நாட்டின் எதிர்காலமே ஐயத்துக்குரியதாக இருந்த அந்தப் பத்தாண்டில்தான் மக்கள் குடும்பத்தைச் சிறிதாக்கினார்கள்.

அதனால் திட்டம் மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. அதே காலத்தில் பெண்களின் திருமண வயது உயர்ந்துகொண்டிருந்தது; முந்தைய தலைமுறையில் பதினாறு பதினேழு வயதில் மணமேடை ஏறியவர்களின் மகள்கள் இருபதைத் தாண்டியே மணந்தார்கள். சிறுமிகள் தொடக்கப்பள்ளிக்குப் போவது 1950களிலேயே பரவலாகிவிட்டது. 1977இல் இடைநிலைக் கல்வியும் இலவசமானது. பிறந்த குழந்தைகள் பிழைத்துக்கொண்டதால் நாலைந்து இழப்புகளை எதிர்பார்த்துப் பெற வேண்டிய தேவையும் இல்லாமற்போனது. முதியோர் ஓய்வூதியத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1950இல் தொடங்கிய அது, 1958 முதல் வருமானம் பாராமல் எல்லா முதியோருக்கும் வழங்கப்பட்டது. கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்ற மகன் வேண்டும் என்ற கவலை அதனால் ஓரளவு தணிந்தது. மக்களுக்குள் விருப்பம் முன்பே பிறந்திருந்தது; அதை நிறைவேற்றும் வழி பக்கத்து ஊரிலேயே, இலவசமாக, அவமானமின்றிக் கிடைத்தது. விருப்பம் இல்லாத இடத்தில் மையங்களைத் திறந்திருந்தால் அவை வெறிச்சோடியிருக்கும். மையங்கள் இல்லாமல் விருப்பம் மட்டும் இருந்திருந்தால், செவிலியர் அம்மா சொன்ன மறைவுக் கருக்கலைப்புகள்தாம் பெருகியிருக்கும்.

1985இல் எடுத்த ஆய்வில், மணமான பெண்களில் நான்கில் மூன்று பங்கினர் ஏதேனும் ஒரு முறையைப் பின்பற்றினர். அவர்களில் கணிசமானோர் மாத்திரையோ லூப்போ அல்லாமல் இயற்கை முறைகளையே கைக்கொண்டனர். அரசு ஒரே முறையைத் திணித்திருந்தால் இத்தகைய கலவை தோன்றியிருக்காது என்பதால், வற்புறுத்தல் நடந்ததா என்ற உங்கள் முதல் கேள்விக்கும் இதுவே நல்ல சான்று.


மறுமொழி: சேன்-தெனி வாசகர், ரெயூனியன்

உங்கள் தீவைப் பற்றிப் படிக்கும்போது, கடலுக்கு இப்பால் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வற்புறுத்தல் என்பதன் பொருள் என்ன என்பதைச் சங்கத்துக்கு விளக்க இது உதவும்.

ரெயூனியன் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். பிரான்சில் கருத்தடைக்கு 1967இல்தான் சட்டம் இடம் தந்தது. கருக்கலைப்பு 1975 வரை குற்றமாகவே இருந்தது. ஆனால் மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கண்டு அஞ்சிய அதிகாரம், தாய்நாட்டில் தடைசெய்யப்பட்டதை இங்கே கண்டும் காணாமல் விட்டது. சேன்-பெனுவா நகரில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கு அவர்களுடைய ஒப்புதல் இல்லாமலே கருக்கலைப்பும் கருத்தடை அறுவை சிகிச்சையும் செய்யப்பட்டன என்பது 1970இல் வெளிவந்தது. வேறு சிகிச்சை என்று கணக்கெழுதி அரசு உதவி நிதியிலிருந்து பணமும் பெறப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கிரியோல் குடும்பங்களையும், மலபார் என்று இங்கே அழைக்கப்படும் தென்னிந்திய வழிவந்த குடும்பங்களையும் சேர்ந்த எளிய பெண்கள். வயிற்றுவலி என்று போனவர்கள், இனித் தாயாக முடியாது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்துகொண்டார்கள். வழக்கு நடந்தது, சிலருக்குத் தண்டனையும் கிடைத்தது. அந்தப் பெண்களுக்கு உரிய நீதி கிடைத்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அதே ஆண்டுகளில் பூமிதோம் என்ற அரசு நிறுவனம் 1963 முதல் எங்கள் இளைஞர்களைப் பிரான்சுக்குக் கப்பலேற்றியது. மக்கள் மிகுதி என்ற ஒரே அச்சம்தான் இரண்டுக்கும் வேர்.

அச்சம் உங்கள் தீவிலும் எங்கள் தீவிலும் ஒன்றாகவே இருந்தது. உங்கள் நாட்டில் அது சட்டமன்றத்திலும் கோயிலிலும் தேவாலயத்திலும் வெளிப்படையாக விவாதிக்கப்பட்டது. எங்களிடம் மூடிய கதவுக்குப் பின்னால் முடிவெடுக்கப்பட்டது. செவிலியர் அம்மா சொன்ன வார்டுக் கடுஞ்சொல்லையும் இங்கே நடந்ததையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.


மறுமொழி: காத்ர் போர்ன் வாசகர்

நான் திருநெல்வேலியில் பிறந்து, பணி நிமித்தம் இங்கு வந்து குடியேறியவன். இந்தியா 1952இலேயே தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்யப்பட்டன. ஊழியர்களுக்கு இலக்கு விதித்து, இலக்கை எட்டாதவர்களின் சம்பளத்தில் கைவைத்ததால்தான் ஆள்பிடிக்கும் கொடுமை நேர்ந்தது. உங்கள் சங்கத்தில் சிலர் இந்தியச் செய்திகளைக் கேட்டுவிட்டு, மொரிசியஸிலும் அப்படித்தான் நடந்தது என்று எண்ணியிருக்கக்கூடும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது நல்லது. தமிழ்நாட்டில் பிள்ளைப்பேறு நிலையாகக் குறைந்ததற்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் கிராமச் செவிலியர்களும் பெண்கல்வியும்தான் பெரிதும் உதவின என்பதை என் அக்காள் குடும்பத்திலேயே கண்டிருக்கிறேன்.


தமிழாசிரியை, ரோஸ்ஹில்

அனைவருக்கும் மிக்க நன்றி. ரெயூனியன் செய்தியை நான் இதுவரை அறிந்திருக்கவில்லை. படித்ததும் மனம் மிகவும் கனத்தது. சலுகை பற்றிய மூன்றாவது கேள்வி மட்டும் நிற்கிறது. எங்கள் இளம் உறுப்பினர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். மேலும், மூத்த பெண்கள் சிலரைக் கூட்டத்திலேயே தம் அனுபவத்தைச் சொல்லும்படி அழைக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.


மறுமொழி: பொருளியல் ஆசிரியர், மோக்கா

இப்போது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒன்றரைப் பிள்ளை கூட இல்லை. இறப்புகள் பிறப்புகளை எட்டிப் பிடித்துவிட்டன. இதன் சுமை ஓய்வூதியத்தில் வெளிப்படையாகத் தெரிகிறது. ஓய்வூதிய வயதை 60இலிருந்து 65ஆகப் படிப்படியாக உயர்த்துவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தபோது எழுந்த கொந்தளிப்பை நாம் அனைவரும் பார்த்தோம். மகப்பேற்று விடுப்பு 2024இல் 16 வாரமாகவும், தந்தையர் விடுப்பு 4 வாரமாகவும் உயர்த்தப்பட்டன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் ரொக்கச் சலுகையால் பிறப்பு விகிதம் பழைய நிலைக்குத் திரும்பும் என்று நான் நம்பவில்லை. பெருந்தொகை செலவிட்ட சிங்கப்பூராலும் தென்கொரியாவாலும் அது இயலவில்லை. நம் இளம் தம்பதியரைக் கேளுங்கள். வீட்டு வாடகை, டியூஷன் செலவு, வேலை முடிந்து வந்த பின்னும் சமையலும் குழந்தையும் மனைவி தலையிலேயே விழுவது என்று இவற்றைத்தான் சொல்வார்கள். நம்பத்தக்க குழந்தைக் காப்பகங்கள் ஊர்தோறும் கிடைத்தால், இரண்டாவது பிள்ளையை விரும்பியும் தள்ளிப்போடுகிறவர்கள் சிலராவது பெறுவார்கள். தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைவதற்கு இது ஒரு காரணம்தான். வீட்டில் தமிழ் பேசாமையும் பெற்றோர் வேறு பாடங்களைத் தேர்ந்தெடுப்பதும் அதைவிடப் பெரியவை. பழியைப் பாட்டிமார் உண்ட மாத்திரை மீது போடுவது நியாயமன்று.


மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர், காந்தோஸ்

அம்மா, மூத்த பெண்களைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேட்க வேண்டாம். கணவருக்குத் தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டவர்களும், மறைவில் கருவைக் கலைத்தவர்களும் அவர்களில் இருக்கலாம். மகனும் மருமகளும் அமர்ந்திருக்கும் சபையில் அவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள், சொல்ல நேர்ந்தால் வீட்டில் துன்பம் வரும். முன்னதாகவே அவரவர் வீட்டுக்குத் தனியாகப் போய்ப் பேசுங்கள். எதைப் பொதுவில் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பெயர் குறிப்பிடாமல் நீங்களே எடுத்துரையுங்கள். குறை சொன்ன அந்த மூத்த உறுப்பினரை முதலில் பாருங்கள். அவரிடம் யார், எந்த வார்டில், என்ன சொன்னார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.